எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் பம்பை வீட்டிலேயே கழற்றிச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

நேற்றுவரை ஒரு விரலால் திருப்பிய ஸ்டீயரிங் இன்று காலை இரண்டு கையாலும் திருப்ப முடியாமல் கல்லாகி நிற்கிறது, ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பம்ப் போச்சு, முழுசாக மாற்றணும் என்கிறார்கள். அவசரப்படாதீர்கள். அப்படிப் போச்சு என்று தூக்கிப்போட்ட பம்புகளை வாங்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், அதில் பலவற்றில் பம்புக்கு ஒன்றுமே இல்லை. கரண்ட் சரியாக வந்து சேராமல் நின்றிருக்கும், இல்லையென்றால் உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் ஒரு கார்பன் பிரஷ் சிக்கிக்கொண்டு நின்றிருக்கும். இன்னொன்றும் உண்டு. பம்ப் சும்மா சாவதில்லை, ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அது எது என்று பார்க்காமல் புதுசு மாட்டினால் அந்தப் புதுசும் அதே வழியில்தான் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் காரில் இருப்பது இந்த வகைதானா?

பானெட்டைத் திறந்து பாருங்கள். ஸ்டீயரிங் ஆயில் டப்பா எதுவுமே இல்லை என்றால் உங்களுடையது முழுக்க முழுக்க மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங், அதில் ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது, இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது. டப்பா இருக்கிறது, பம்பை என்ஜின் பெல்ட் சுற்றுகிறது என்றால் அது பழைய ஹைட்ராலிக் வகை. டப்பாவும் இருந்து, பெல்ட்டோடு தொடர்பே இல்லாமல் தடித்த வயர் போகும் ஒரு பம்பும் இருந்தால், நாம் பேசுவது அதைப் பற்றித்தான். 2001-இல் வந்த மினி, ஓப்பல் ஆஸ்ட்ரா ஜி, பியூஜோ 307, முதல் தலைமுறை ஸ்கோடா ஃபேபியா, முதல் தலைமுறை மஸ்டா 3 எல்லாம் இந்த வகை. என்ஜின் நடுவில் இருக்கும் மூன்றாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2-வில் பம்ப் முன்பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். பெல்ட் தேவையில்லை என்பதால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், இந்த அமைப்பின் வசதியே அதுதான்.

ஒரே உருண்டைக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன: மோட்டார், அது சுற்றும் சின்ன கியர் பம்ப், இரண்டையும் ஆட்டுவிக்கும் எலக்ட்ரானிக் போர்டு. வண்டி நேராகப் போகும்போது மோட்டார் மெதுவாகச் சுற்றும், அப்போது சில ஆம்பியர்தான் இழுக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைச் சடாரென்று திருப்பினால் வேகம் ஏறி, கரண்ட் ஒரேயடியாகப் பல பத்து ஆம்பியருக்குப் போய்விடும். அதனால்தான் பல கார்களில் இதற்கு 80 அல்லது 100 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருக்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள், கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் பெரிய கரண்ட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

பம்ப் நின்றாலும் ஸ்டீயரிங் அறுந்துபோவதில்லை, சக்கரத்தோடு இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும், கனமாக ஆனால் திரும்பும். ஆனால் வளைவின் நடுவில் திடீரென்று கனமாவது ஆபத்தானது, சில நேரம் வேலை செய்து சில நேரம் நிற்கிற பம்போடு வெளியே போகாதீர்கள்.

கழற்றும் முன் மல்டிமீட்டர்

முதலில் பேட்டரி. நிறுத்தி ஆறியிருக்கும்போது 12.6 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும், என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இது இல்லையென்றால் மேலே போகாதீர்கள், பேட்டரியையும் ஆல்டர்நேட்டரையும் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பம்பை நிறுத்திவிடும், அது பம்பின் குற்றமில்லை. அதோடு, இந்த பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும், சாவியைப் போட்டுவிட்டு சத்தம் வரவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என்ஜின் ஓடுகிறது என்ற தகவல் பல கார்களில் ஒரு மெல்லிய வயர் வழியாக வருகிறது, அந்த வயர் அறுந்தாலும் நல்ல பம்ப் சும்மா நிற்கும்.

அடுத்து பெரிய ஃப்யூஸ். போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். கண்ணால் பார்த்து நல்லாத்தான் இருக்கு என்று விட்டுவிடாதீர்கள், மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மீட்டரால் இரு பக்கமும் பாருங்கள், அப்புறம் அந்த போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி நிறம் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உருகியிருந்தால் அங்கே தொடர்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது.

இப்போது எல்லாரும் தவறவிடும் சோதனை. பம்பின் தடித்த கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது என்பதால் மட்டும் வயர் நல்லது என்று அர்த்தமில்லை. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுப்பதில்லை. சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், இன்னொன்றை பம்ப் கனெக்டரின் எர்த் வயரில், கனெக்டர் மாட்டியபடியே பின்பக்கமாகக் குத்தி வையுங்கள். என்ஜினை ஓடவிட்டு ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு உள்ளே இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் உங்கள் கோளாறு அங்கேதான் இருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்தையும் இதே மாதிரி பாருங்கள், அங்கே ஃப்யூஸும் சேர்ந்து வருவதால் 0.5 வரை விடலாம்.

இதை நான் கற்றது பட்டுத்தான். என் காரில் காலையில் ஸ்டீயரிங் நன்றாக இருக்கும், இருபது நிமிடம் ஓடியதும் கனமாகும், நிறுத்தி ஆறினால் மறுபடி சரியாகும். பம்பைக் கழற்றி முழுக்கப் பிரித்துத் துடைத்து மாட்டினேன், அப்படியேதான் இருந்தது. கடைசியில் எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால், வளையத்துக்கும் பாடிக்கும் நடுவே பச்சை பூத்து மாவு மாதிரி உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் பளிச்சென்று இருந்தது! உப்புத்தாளால் இரு பக்கமும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ஒரு முழு நாள் வேலைக்குப் பதில் கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது.

இதெல்லாம் சரி என்றால் ஆயிலைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கே போனது என்று தேடுங்கள், வெறுமனே ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். நுரைத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் டப்பாவுக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அல்லது ஹோஸ் கிளிப். கறுத்து எரிந்த வாடை வந்தால் பம்ப் ரொம்ப நாளாகச் சூட்டில் கிடந்திருக்கிறது. மினியில் பம்புக்கென்றே அடியில் ஒரு சின்ன விசிறி உண்டு, அது குப்பை அடைத்தோ மோட்டார் எரிந்தோ நின்றுவிட்டால் பம்பும் சீக்கிரம் பின்னாலேயே போகும்.

என்ஜின் ஓடும்போது பம்பின் மேல் கையை வையுங்கள், சூடான பைப்புகளும் சுற்றும் பாகங்களும் இல்லாத பக்கமாக. மெல்லிய அதிர்வு இருந்து, ஆயிலும் சரியாக இருந்து, ஸ்டீயரிங் மட்டும் கனமாக இருந்தால் கியர் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக் பக்கம் பிரச்சினை. அதிர்வே இல்லை, கரண்ட் இரு பக்கமும் நன்றாக வருகிறது, என்ஜின் ஓடும் தகவலும் வருகிறது என்றால் சரி, இப்போது கழற்றலாம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால் அதற்கு முன் அதில் பதிவாகியிருக்கும் எரர் கோட்களைப் படித்து எழுதி வையுங்கள்.

கழற்றுவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள், ஸ்டீயரிங் நேராக, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு அடைகல். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஒரு நிமிட வேலை என்றாலும் கூடாது. இரண்டு ஸ்டாண்டிலும் உட்கார்ந்த பிறகு வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

இனி அழுக்கு. பம்ப் அடியில் இருப்பதால் மேலெல்லாம் சேறும் ஆயிலும் அப்பியிருக்கும். ஒரு பைப்பைக்கூடக் கழற்றும் முன் எல்லாவற்றையும் பிரஷ்ஷாலும் டிகிரீசராலும் துடைத்துவிடுங்கள், கியர்களுக்கு நடுவே ஒரே ஒரு மணல் துகள் போனாலும் கோடு விழுந்துவிடும். ஒரு பெரிய சிரிஞ்சால் டப்பாவிலிருக்கும் ஆயிலை உறிஞ்சி எடுங்கள், அடியில் ஒரு தட்டையான பாத்திரம் வையுங்கள், ஏனென்றால் எவ்வளவு உறிஞ்சினாலும் இன்னும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்.

கனெக்டர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த கனெக்டரின் உள்ளே பாருங்கள், கறுத்த பின், உருகிய ஓரம், பச்சை, ஆயில் ஈரம் எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் ஹோஸ் சாதாரண கிளிப்தான். பிரஷர் பைப்புக்குச் சரியான அளவு ஸ்பேனர் வேண்டும், முடிந்தால் பைப் நட்டுக்கென்றே வரும் ஸ்பேனர், ஏனென்றால் நட்டின் முனை மழுங்கிவிட்டால் பைப்பையே மாற்ற வேண்டி வரும். உள்ளே அழுத்தம் ஓடும்போது 100 பார் வரை போகும், அதனால் என்ஜின் ஓடியவுடனே திறக்காதீர்கள், ஆறவிடுங்கள். திறந்த துளைகளை உடனே மூடுங்கள், சுத்தமான பிளாஸ்டிக் மூடியால், துணியால் வேண்டாம், நூல் உள்ளே போகும். பம்ப் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கும், போல்ட்டுகளைக் கழற்றினால் வெளியே வந்துவிடும்.

பிரித்துப் பார்ப்பது

வெளிச்சமான மேசை, வெள்ளைத் துணி. முதல் வேலை, மோட்டார் உறையும் பம்ப் உடலும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு கீறுவது. திரும்ப மாட்டும்போது அதே நிலையில் வரவேண்டும், மாறினால் பிரஷ்ஷின் கோணமும் மாறிவிடும்.

உறையை இழுக்கும்போது கவனம். உள்ளே காந்தம் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுற்றும் பகுதியை, பிடித்திருக்கும், வராமல் வராமல் இருந்து ஒரே நேரத்தில் வெடுக்கென்று வரும், விரல் சிக்கிக்கொள்ளும், அல்லது வயரோடு சேர்ந்து போர்டும் பிய்ந்து வரும். ஒரு கை உறையில், ஒரு கை ஷாஃப்டில், கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி இழுங்கள்.

பிரஷ் உள்ள மோட்டார் என்றால் திறந்ததும் கறுப்புத் தூள் தெரியும். அதை ஊதாதீர்கள், பேரிங்குக்குள் போகும், மூச்சிலும் போகும். காண்டாக்ட் கிளீனரும் பெயிண்ட் பிரஷ்ஷும் போதும், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். இப்போது ஒவ்வொரு பிரஷ்ஷையும் விரலால் அதன் கூட்டுக்குள் அழுத்தி விடுங்கள். ஸ்பிரிங் டக்கென்று வெளியே தள்ள வேண்டும். பெரும்பாலும் நான்கில் ஒன்று உள்ளே போய் அப்படியே நின்றுவிடும், கார்பன் தூள் ஈரத்தோடு சேர்ந்து பசையாகி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரஷ் பாதி நீளம் நன்றாக இருக்கும், ஆனால் கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும், செம்புப் பட்டைகளால் ஆன உருளை) தொடாமல் அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், அந்த அரை மில்லிமீட்டரில் பம்ப் செத்திருக்கும். கூட்டை மரக்குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்து, பிரஷ்ஷின் பக்கங்களை மெல்லிய உப்புத்தாளில் ஒரு முறை இழுத்துவிட்டால் மறுபடி வழுக்கி ஓடும்.

பிரஷ் உண்மையிலேயே தேய்ந்து கூட்டின் விளிம்புக்கு வந்திருந்தால் மாற்றுங்கள், ஒன்று மட்டும் இல்லை, எல்லாவற்றையும். அதே அளவு கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரிய பிரஷ்ஷை வாங்கி உப்புத்தாளில் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவரலாம், ஆனால் 12 வோல்ட் பெரிய மோட்டாருக்கான செம்பு கலந்த பிரஷ்ஷாக இருக்க வேண்டும், மிக்ஸி மோட்டாரின் வெறும் கார்பன் பிரஷ் இந்தக் கரண்ட்டைத் தாங்காது. செம்புப் பின்னலை சால்டர் செய்யும்போது ஈயம் பின்னலில் மேலே ஏறும், ஏறினால் பின்னல் கம்பி மாதிரி விறைத்து பிரஷ்ஷை அசையவிடாது. அதனால் சால்டர் வைக்கும் இடத்துக்கு ஒட்டி மேலே பிளையரால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு பிளையருக்குள் போகும், ஈயம் அங்கேயே நின்றுவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்குப் போதாது, 60-க்கு மேல் வேண்டும்.

கம்யூட்டேட்டர் பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் தொடாதீர்கள், அது நல்ல நிறம். கறுத்துத் தழும்பு விழுந்திருந்தால் 600 நம்பர் உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள், எமரி தாள் வேண்டாம், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கிக் கெடுதல் செய்யும். பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் மீட்டர்: பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளை வரிசையாகத் தொட்டுப் போனால் எல்லாம் ஒரே மாதிரி மிகக் குறைந்த ஓம் காட்ட வேண்டும், ஒன்று மட்டும் தாவிக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. இந்த இரண்டிலும் தோற்றால் ஆர்மேச்சர் முடிந்தது.

உள்ளே தூளுக்குப் பதில் ஆயில் நின்றால் ஷாஃப்ட் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். மோட்டாரை மட்டும் துடைத்து மாட்டினால் சில மாதத்தில் திரும்பவும் நிறையும். பழைய சீலின் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும், அதே அளவில் ஸ்டீயரிங் ஆயிலுக்கு ஏற்ற சீலாகக் கேட்டு வாங்குங்கள். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் வருடிப் பாருங்கள், நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும்.

பிரஷ்ஷே இல்லாத மோட்டாரும் சில பம்புகளில் உண்டு. அதில் போர்டுக்கு மூன்று தடித்த முனை போகும், மூன்றையும் இரண்டிரண்டாக அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். வந்தால் மோட்டார் நல்லது, சந்தேகம் போர்டு மேல்.

போர்டு

சில பம்புகளில் போர்டு மேல் ஜெல் மாதிரி ஒன்று ஊற்றியிருக்கும், அதை வேண்டிய இடத்தில் மட்டும் மரக்குச்சியால் ஒதுக்குங்கள். முழுக்கக் கெட்டிப் பசையில் புதைத்திருந்தால் விட்டுவிடுங்கள், வீட்டில் முடியாது. பெரிய கெபாசிட்டர்களில் சார்ஜ் இருக்கலாம், தொடும் முன் ஒரு 12 வோல்ட் பல்பை அதன் இரு காலிலும் வைத்து இறக்குங்கள்.

அப்புறம் பூதக்கண்ணாடி எடுத்துத் தடித்த பின்கள் போர்டில் சேரும் இடங்களைப் பாருங்கள், பெரிய கனெக்டர், கெபாசிட்டர், மோட்டார் முனை. பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே சால்டர் விரிசல் விட்டிருக்கிறது. சூடாகி ஆறி சூடாகி ஆறி வரும் விரிசல் அது, சில நேரம் வேலை செய்து சில நேரம் நிற்கும் பம்புகளில் முதலில் இதைத்தான் தேடுவேன். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, புது ஈயம் வையுங்கள். பழையதன் மேலேயே சூடு காட்டுவது சில வாரம்தான் தாங்கும். உப்பிய கெபாசிட்டர் இருந்தால் அதே மதிப்பு, அதே வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகையாக மாற்றுங்கள். மோட்டாருக்குக் கரண்ட் விடும் மாஸ்ஃபெட்டுகளை மீட்டரின் டயோடு நிலையில் பாருங்கள், இரு திசையிலும் பூஜ்யம் காட்டுவது ஷார்ட் ஆகியிருக்கலாம். ஷார்ட்டானது ஒன்று இருந்தாலே பெரிய ஃப்யூஸ் மறுபடி மறுபடி போகும், அதனால் ஃப்யூஸை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், இன்னும் பெரிய ஃப்யூஸ் போடுவதைக் கனவிலும் நினைக்காதீர்கள், வயர் தீப்பிடிக்கும்.

எப்போது விட்டுவிட வேண்டும்

கியர் அல்லது அது உட்காரும் சுவரில் நகம் மாட்டும் கோடு, கருகித் துளை விழுந்த போர்டு, அறுந்த ஆர்மேச்சர். இந்த மூன்றில் எது இருந்தாலும் பம்பை மாற்றுவதே சரி, பார்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள், சில கார்களில் மாட்டிய பிறகு புதுப் பம்பைக் காரின் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்த ஸ்கேனரால் கோடிங் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் வாங்கும் முன் பழையதைக் கொன்றது எது என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள்: எர்த்தா, நின்ற விசிறியா, ஒழுகி வற்றிய ஆயிலா?

மாட்டுவதும் காற்றெடுப்பதும்

பிரஷ் மோட்டார் என்றால் மூடியதும் மேசையிலேயே ஒரு சோதனை செய்யலாம், போர்டோடு சேர்க்காமல், மோட்டாரை மட்டும் வைஸில் இறுக்கி, நடுவில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து பேட்டரியிலிருந்து இரண்டு மூன்று விநாடி கரண்ட் கொடுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். பம்போடு சேர்த்து உலர்ந்த நிலையில் சுற்றாதீர்கள், அந்தக் கியர்களுக்கு ஆயில்தான் உயிர். மூடும்போது எல்லா ஓ-ரிங்கும் புதுசு, பிரஷர் பைப்பில் செம்பு வாஷர் இருந்தால் அதுவும் புதுசு. ஓ-ரிங்கில் அதே ஸ்டீயரிங் ஆயிலைத் தடவி உட்காரவையுங்கள்.

ஆயில் விஷயத்தில் ஊகம் வேண்டாம். டப்பா மூடியிலும் கையேட்டிலும் எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். சில கார்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்கு சிஎச்எஃப் 11எஸ் மாதிரி செயற்கை ஆயில், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஊற்றினால் சீல்கள் ஊதியோ சுருங்கியோ போகும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது அவசரம் காட்டினால்தான் புது வேலையும் கெடும். முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கியபடியே இருக்கட்டும். டப்பாவை நிரப்பி, கால் மணி நேரம் சும்மா விடுங்கள், ஆயில் தானாக இறங்கும். அப்புறம் என்ஜின் ஓடாமல் ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக இருபது முறை திருப்புங்கள், டப்பாவில் குமிழி வரும், அளவு இறங்கும், நிரப்பிக்கொண்டே இருங்கள், ஒருபோதும் காலியாக விடாதீர்கள். குமிழி நின்ற பிறகு பேட்டரியை மாட்டி, என்ஜினை இரண்டு மூன்று விநாடி மட்டும் ஓட்டி நிறுத்துங்கள், அளவு பாருங்கள், மறுபடி செய்யுங்கள். பிறகுதான் ஓடவிட்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். கடைசி முனையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்ப் மிக அதிகமாகச் சூடாவது அங்கேதான். ஆயில் பால் மாதிரி நுரைத்துவிட்டால் நிறுத்திவிட்டுப் போய் ஒரு இரவு விடுங்கள், காலையில் தெளிந்திருக்கும்.

ஸ்டீயரிங் விளக்கு இன்னும் எரிந்தால் பயப்பட வேண்டாம், பேட்டரியைக் கழற்றியதால் பல கார்கள் ஸ்டீயரிங்கின் நடு நிலையை மறந்துவிடும். இரு முனை வரை ஒரு முறை திருப்பிவிட்டு, ஆளில்லாத இடத்தில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும், இல்லையென்றால் ஸ்கேனரால் எரர் கோட்டை அழித்துப் பாருங்கள்.

வண்டிக்கு அடியில் வரும் அடிமூடி இருந்தால் அதை உடனே மாட்டிவிடாமல், முதலில் நிறுத்துமிடத்திலேயே பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிரஷர் பைப் சேரும் இடத்தை வெள்ளைப் பேப்பரால் துடைத்துப் பாருங்கள். பேப்பரில் ஈரம் இல்லையென்றால் மூடியை மாட்டலாம். ஒரு வாரம் கழித்து ஆயில் அளவையும் அந்த எர்த் போல்ட்டின் இறுக்கத்தையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.